அறைக்கு நாலு பேர்

பட்டாசுத் தொழிலாளர் காப்பு மையத்தின் கணக்குப்படி அந்த வாரம் விபத்து எதுவும் நடக்கவில்லை.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் அறை கூரையோடு பறந்தது உண்மை. சங்கிலிமுத்து என்பவர் இடுப்புக்கு மேலே வெந்து விருதுநகர் ஆஸ்பத்திரியில் வாழையிலைமேல் கிடப்பதும் உண்மை. ஆனால் மையத்தின் இணையப் பக்கத்தில் ஏறாத விபத்து விபத்தாகாது என்பது மையத்தின் விதி. ஏற்ற வேண்டிய பக்கம் திறக்கவில்லை. ஆகவே விபத்து நடக்கவில்லை.

ஏற்ற வேண்டியவள் யோகேஸ்வரி. மையத்தின் ஒப்பந்தக் கணினிப் பணியாளர். விருதுநகரில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்யும் வீட்டுப் பெண். பிறந்ததிலிருந்து தும்மிக்கொண்டே வளர்ந்தவள். நெடி இல்லாத காற்றை அவள் நெஞ்சு நிறைய இழுத்தது இந்த ஏசி அறைக்கு வந்த பிறகுதான். அந்தக் காற்றுக்காகத்தான் வேலையை விரும்பினாள் என்று யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அப்பா சிரிப்பார். இந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பதும் விடுவதும் இணை இயக்குநர் லட்சுமிகாந்தத்தின் கையில்.

எதிரே மாடத்தி உட்கார்ந்திருந்தாள், சங்கிலிமுத்துவின் மனைவி. அவளும் அதே கம்பெனிதான், வேறு அறை. சேலை ஓரத்தில் அலுமினியப் பொடி இன்னும் மினுங்கியது. வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்ற அவளுக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை.

"மருதயில ஒரு ஆஸ்பத்திரி இருக்காம் தாயி. தீக்காயத்துக்குன்னே. அங்கன கொண்டு போனா தோல் வச்சுத் தச்சுப் பொழைக்க வச்சிருவாகளாம். இங்க இருந்து ஒரு நம்பர் வந்தாப் போதும், உடனே எடுத்துக்கிடுதோம்னு சொல்லிட்டாக. வெரசாப் போகணும்னு டாக்டர் சொல்லுதாரு."

நம்பர் என்பது ஒப்புதல் எண். விபத்தைப் பக்கத்தில் ஏற்றினால் அது தானாக வரும். யோகேஸ்வரி மறுபடியும் பக்கத்தைத் திறந்தாள். மறுபடியும் அதே வரி: 'பிராக்ஸியில் இணைப்புகள் அளவு மீறின. பொறுத்திருக்கவும்.'

"என்ன சொல்லுது பொட்டி?"

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லுதுக்கா."

"அதுக்கென்ன, சொல்லும்" என்றாள் மாடத்தி.

மையத்தில் எந்தக் கணினியும் வெளியுலகத்தை நேராகப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கெட்டுவிடும். எல்லாம் பிராக்ஸி என்ற ஒரு பெட்டி வழியாகத்தான் போக வேண்டும், வர வேண்டும். கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் நின்றுகொண்டு, மடியில் பீடி இருக்கிறதா, தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து விடுவதைப் போல. ஒரு பக்கத்தைக் கேட்டால் பிரவுசர் ஒரு ஆளை மட்டும் அனுப்பாது. எழுத்தை எடுத்துவர ஒரு ஆள், படத்துக்கு ஒரு ஆள், பொத்தானுக்கு ஒரு ஆள் என்று கூட்டமாக அனுப்பும். கூட்டம் மிஞ்சினால் வாட்ச்மேன் கேட்டைச் சாத்திவிடுவார். இப்போது சாத்தியிருந்தார். கூட்டம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

யோகேஸ்வரி இணை இயக்குநரிடம் சொன்னாள். அவர் உடனே செயலில் இறங்கினார், அதாவது கூட்டம் போட்டார்.

லட்சுமிகாந்தம் நல்ல மனிதர். கடுஞ்சொல் பேசமாட்டார். பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார், எதிரில் இருப்பவர்களின் முகம் குறுக்கிட்டு யோசனையைக் கெடுத்துவிடக் கூடாது என்று.

"நம்ம ஏரியாவோட பெருமை எது? பட்டாசுன்னு சொல்லுவாங்க. தப்பு. பாதுகாப்புதான் நம்ம பெருமை. ஒரு அறைக்கு நாலு பேர். அஞ்சாவதா உள்ள நுழையிறவன் ஆள் இல்ல, நெருப்பு. கம்பெனிக்காரங்க சில சமயம் நாலை எட்டாக்கிடுறாங்க. அவங்களுக்கு ஆர்டர் இருக்கு, சீசன் இருக்கு. மனுசங்கதானே, நானும் கொஞ்சம் அனுசரிச்சுப் போறேன். செக்கிங் அது இதுன்னு போய் சீசன் நேரத்துல தொந்தரவு பண்றதில்ல. ஆனா என் ஆபீஸ்ல, என் பிராக்ஸி ரூம்ல அளவுக்கு மேல இணைப்பு நுழையுதுன்னா, அங்க நான் அனுசரிக்க மாட்டேன். உயிரே போனாலும் மாட்டேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். அவருக்குக் கண் மூடியிருந்தாலும் காது திறந்திருந்தது என்பதால் யோகேஸ்வரியும் தட்டினாள். பிறகு எழுந்து நின்றாள்.

"சார், அவசரமா ஒரு ஆக்சிடென்ட் ஏத்தணும். அந்த அம்மா காலையில இருந்து உக்காந்திருக்காங்க."

"ஏத்தலாம்மா. பாதுகாப்பில்லாத ரூம் வழியா ஒரு விபத்தை அனுப்பினா, அந்த விபத்துக்கே என்ன பாதுகாப்பு? சொல்லுங்க பார்ப்போம்."

யோகேஸ்வரி உட்கார்ந்தாள். அது நியாயமான கேள்வி போல இருந்தது. ஏசி அறையில் எந்தக் கேள்வியும் நியாயமாகத்தான் ஒலிக்கும்.

சாயங்காலத்துக்குள் பிராக்ஸி அறை மருந்தறை ஆயிற்று. வாசலில் செம்புத் தகடு பதித்தார்கள். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் மண்ணுக்கு இறங்கும்படி, உள்ளே போகிறவர்கள் அதைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சிவப்பு வாளிகளில் மணல் வந்தது. செருப்பு கூடாது, பருத்தி தவிர வேறு துணி கூடாது, ஹேர்பின் கூடாது. அலுவலக உதவியாளர் ஊர்க்காவலனைக் காவலுக்குப் போட்டார்கள். அவர் ஒவ்வொருவரையும் நிறுத்தி, தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டார். உள்ளே மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, இது எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தது.

மாடத்தி தகட்டை எட்டிப் பார்த்தாள். "எங்க கம்பெனியிலயும் இது கெடக்கு தாயி. செக்கிங் வாற அன்னைக்குப் புளி போட்டு வெளக்கி வைப்போம்."

பெட்டியைச் சோதிக்கச் சென்னையிலிருந்து விக்னேஷ்குமார் என்ற நிபுணர் மறுநாள் ரயிலில் வந்து இறங்கினார். பாலியஸ்டர் சட்டையும் பேண்ட்டும் போட்டிருந்ததால் ஊர்க்காவலன் அவரை உள்ளே விடவில்லை. கடைசியில் ஊர்க்காவலனின் மாற்று வேட்டியையும் ஒரு துண்டையும் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, செம்புத் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். ஒற்றும்படி யாரும் சொல்லவில்லை. வேட்டி கட்டியதும் கை தானாகப் போயிருக்க வேண்டும்.

மத்தியானத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார். இணை இயக்குநரின் அறைக்கு ஓடி வந்தார். பக்கம் எப்போது திறக்கும் என்று கேட்க வந்த யோகேஸ்வரியும் அங்கேதான் நின்றாள்.

"சார், ரொம்ப சிம்பிள் சார். உங்க முதல் பக்கம்தான் பிரச்சினை."

முதல் பக்கம் என்பது மையத்தின் எல்லாக் கணினிகளிலும் காலையில் தானாகத் திறந்து மாலை வரை நிற்கும் பக்கம். நடுவில் லட்சுமிகாந்தத்தின் படம். படத்துக்கு மாலை. மேலே 'விபத்தில்லா நாட்கள்' என்ற எண்ணிக்கை. எண் ஏறும்போது சத்தமில்லாத வாணங்கள் வெடிக்கும். காலையில் பணியாளர்கள் வந்ததும் அது கேட்கும்: 'தங்கள் அறிவுக்கு எட்டியவரை விபத்து ஏதும் நடந்ததா?' ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். இல்லை என்பதை அழுத்தினால் அன்றைய வருகைப் பதிவு விழும். ஆம் என்பதை யாரும் அழுத்திப் பார்த்ததில்லை.

"அதோட விடல சார் அது. ஒவ்வொரு மிஷினும் நொடிக்கு நொடி சர்வர்கிட்ட போய்க் கேட்டுக்கிட்டே இருக்கு. விபத்து நடந்துச்சா, விபத்து நடந்துச்சான்னு. கேட்கப் போன கனெக்ஷன் எதுவும் மூடுறதே இல்ல, அப்படியே பிராக்ஸில நிக்குது. மாலையில ஒவ்வொரு பூவும் தனித்தனிப் படம், அதுக்கு வேற தனியா ஆள் போகுது. நடந்துச்சான்னு கேட்கிற கூட்டத்துல, நடந்துச்சுன்னு சொல்ல வர்ற கனெக்ஷனுக்கு இடமே இல்ல சார்."

லட்சுமிகாந்தம் கண்ணை மூடினார். "அதுக்கு என்ன பண்ணணும்கிறீங்க?"

"அந்தப் பக்கத்தை மூடிடலாம். இல்லைன்னா பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்டாப் போதும்."

"அப்போ பத்து நிமிஷம் இந்த மையம் விபத்தைப் பத்திக் கவலைப்படாம சும்மா இருக்கும். தம்பி, நான் நிம்மதியாத் தூங்குறேன்னா, எனக்குப் பதிலா அது கேட்டுக்கிட்டு இருக்குங்கிற தைரியத்துலதான் தூங்குறேன். மாலையைக் குறைக்கலாம்னு சொல்லுவீங்க. அது எனக்குப் போட்ட மாலையா? பாதுகாப்புக்குப் போட்ட மாலை. என் கழுத்துல இருக்கு, அவ்வளவுதான்."

விக்னேஷ்குமார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வருடப் பராமரிப்பு வேலையும் அவருக்குத்தான் வர வேண்டியிருந்தது.

"ஒரு பிரவுசருக்கு நாலு இணைப்பு. அஞ்சாவது வந்தா வெளிய நிறுத்துங்க" என்றார் லட்சுமிகாந்தம். "முடியுமா, முடியாதா?"

"முடியும் சார். இந்த ஐடியா எந்தப் புக்லயும் கிடையாது சார்."

அன்றே அமலுக்கு வந்தது. 'அளவு மீறின' என்ற வரி மறைந்தது. சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். மாடத்திக்கும் ஒரு தொன்னை வந்தது. அவள் அதை மூடி, ஆஸ்பத்திரிக்கு என்று முந்தானையில் முடிந்துகொண்டாள். வெந்த வாய்க்குள் அது எப்படிப் போகும் என்று யோகேஸ்வரி கேட்கவில்லை.

விபத்துப் பக்கத்தைத் திறந்தாள். திறந்தது! தலைப்பு வந்தது. முத்திரை வந்தது. இணை இயக்குநரின் செய்தி வந்தது. 'பதிவு செய்க' என்ற பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம். பின்னால் திறந்தே நிற்கும் முதல் பக்கத்தையும் சேர்த்தால் பொத்தான் ஐந்தாவது ஆள். வெளியே நின்றது.

அவள் வெள்ளைக் கட்டத்தை அழுத்திப் பார்த்தாள். ஓங்கி அழுத்தினாள். பிறகு, மாடத்தி பார்க்கிறாளே என்பதற்காக மட்டும் இன்னும் சில தடவை அழுத்தினாள்.

முதல் பக்கத்தை மூடினால் இடம் கிடைக்கும். நிபுணர் சொன்னதை அவளும்தானே கேட்டாள். மூடுவது ஒரு விரல் வேலை. அந்த விரல் அவளுடையது என்பதுதான் சிக்கல். அவள் இதுவரை அந்த விரலால் யாரும் சொல்லாத ஒன்றைச் செய்ததில்லை. கல்லூரியில் என்ன படிப்பது என்பதை அப்பா சொன்னார். இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அதையும் அவர்களே சொல்வார்கள். மாடத்தியின் முந்தானையிலிருந்து நெய் கசிந்து, அலுமினியப் பொடியில் கலந்து வெள்ளியாக வழிவதைப் பார்த்தாள்.

மூடினாள்.

வெள்ளைக் கட்டத்தில் பொத்தான் வந்து உட்கார்ந்தது. அவ்வளவு எளிதாக வந்ததில் அவளுக்கு ஏனோ அவமானமாக இருந்தது. பெயர் கேட்டது, சங்கிலிமுத்து என்று அடித்தாள். ஊர் அடித்தாள். "வயசு சொல்லுங்கக்கா" என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஊர்க்காவலன் ஓடி வந்தார்.

"எம்மா, என்ன செஞ்சு வச்சிருக்கீக? ஐயா ரூம் போர்டுல உங்க சிஸ்டம் மட்டும் செவப்பா எரியுது. முதல் பக்கத்தை மூடினது யாருன்னு கேக்காக. உங்க ரினிவல் தாளும் அவுக மேசைமேலதான் கெடக்கு. கையில பேனாவோட உக்காந்திருக்காக."

யோகேஸ்வரிக்கு வந்ததைப் பயம் என்று சொல்ல முடியாது. பயத்துக்கு ஒரு மரியாதை உண்டு. அவளுக்கு வந்தது மூக்குக்குள் வத்தல் நெடி. சாக்கு மூட்டைகளுக்கு நடுவே அப்பாவின் கல்லாப் பக்கத்து ஸ்டூல், சிவந்த கண், நாளெல்லாம் தும்மல். அந்த நெடி இந்தக் குளிர்ந்த அறையில், ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவ்வளவு துல்லியமாக வந்தது.

முதல் பக்கத்தைத் திறந்தாள். லட்சுமிகாந்தம் மாலையோடு வந்தார். பொத்தான் இருந்த இடம் வெளுத்தது.

"நாளைக்கு வாங்கக்கா" என்றாள்.

"நாளைக்கு இருப்பாரா தாயி?"

"நாளைக்கு சிஸ்டம் சரியாயிரும்க்கா."

மாடத்தி அவளைப் பார்த்தாள். கோபமில்லை. பஸ் வருமா வராதா என்று ரோட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு எழுந்து போனாள்.

அந்த 'நாளைக்கு' செக்கிங் இருந்தது. சிறந்த இணைய மேலாண்மைக்கான விருதுக்கு மையத்தைப் பார்க்கத் தலைநகரத்திலிருந்து குழு வந்தது. லட்சுமிகாந்தம் காலையிலேயே ஆணையிட்டார்: ஒரு அறைக்கு நாலு கணினி, நாலு பேர். மிச்சமுள்ள கணினிகளும் மிச்சமுள்ளவர்களும் குழு போகும்வரை பின்பக்க வேப்பமரத்தடியில் இருக்க வேண்டும். பேச்சுச் சத்தம் கேட்கக் கூடாது.

யோகேஸ்வரி மிச்சமானாள். மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள். மரத்தைச் சுற்றி எம்.சி.ஏ.க்களும் பி.இ.க்களும் வயர்களைச் சுருட்டிப் பிடித்தபடி குந்தியிருந்தார்கள். மாடத்தி முன்பக்கம் விடவில்லை என்று சுற்றிக்கொண்டு வந்தாள். அவர்களைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வாரம் அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

"செக்கிங்காக்கும்?"

"ஆமாக்கா."

"அந்த வேர்கிட்ட உக்காராதீக, கட்டெறும்பு கெடக்கும். எங்களையும் இப்பிடித்தான் ஓடைக்குள்ள ஓடச் சொல்லுவாக. செக்கிங்னு சத்தம் வந்திச்சுன்னா போதும், நாலு பேரை நிப்பாட்டிட்டு மிச்சம் அம்புட்டுப் பேரும் ஓடணும்." சிரிப்பு மெல்ல வடிந்தது. "இவரு எப்பவும் ஓடுற ஆளு தாயி. நாலுல சேராத ஆளு. அன்னைக்கு மட்டும் செக்கிங் வந்திருந்தா, வெளிய ஓடியிருப்பாருல்ல? வரலையே."

ஒரு பி.இ. தன் வயரை இன்னொரு சுற்றுச் சுருட்டினார். பேச்சுச் சத்தம் கேட்கக் கூடாது என்பது ஆணை.

உள்ளே பெட்டியில் கூட்டமே இல்லை. கேட்டுக்கொண்டிருந்த கணினிகளில் பெரும்பாலானவை மரத்தடியில் இருந்தன. குழுவுக்கு இடைஞ்சல் கூடாது என்று நாலு இணைப்புத் தடையையும் விக்னேஷ்குமார் அன்று மட்டும் எடுத்துவிட்டிருந்தார். எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் பெட்டி அந்த நேரம் தூக்கிக் கொடுத்திருக்கும். யோகேஸ்வரிக்கு அது உறைத்தபோது மானிட்டரைக் கீழே வைத்துவிட்டுப் பின்வாசலுக்கு ஓடினாள்.

"அண்ணே, ஒரே ஒரு நிமிசம். உள்ள எந்த சிஸ்டத்துலயாவது ஒரு நம்பர் எடுத்துட்டு வந்திருதேன்."

"உள்ள ஏற்கெனவே நாலு பேரும்மா" என்றார் ஊர்க்காவலன், உண்மையான வருத்தத்தோடு. "நீங்க அஞ்சாவது."

அவள் திரும்பி வந்து மானிட்டரை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். அவரைத் தள்ளிவிட்டு ஓடியிருக்கலாம். ஊர்க்காவலன் நோஞ்சான், தள்ளினால் விழுந்துவிடுவார். அதை அவள் மரத்தடிக்குத் திரும்பிய பிறகுதான் யோசித்தாள். அப்போதுதான் யோசிக்க முடிந்தது.

பெட்டி ஓய்வாக இருப்பதைப் பார்த்துக் குழு வியந்தது. இவ்வளவு குறைந்த இணைப்பில் இயங்கும் அலுவலகத்தை வேறெங்கும் கண்டதில்லை என்று எழுதிக் கொடுத்தது. செம்புத் தகட்டோடு படம் எடுத்துக்கொண்டது.

மறுநாள் மாடத்தி வந்தபோது நாற்காலியில் உட்காரவில்லை.

"ஏத்த வேண்டாம் தாயி. உடம்பத் தரணும்னா இங்கன இருந்து ஒரு சீட்டு வேணும்ங்காக."

யோகேஸ்வரி இறப்புப் பக்கத்தைக் கேட்டாள். விரலை எடுப்பதற்கு முன்னால் அது திறந்துவிட்டது. அதில் படமில்லை, மாலையில்லை, செய்தியில்லை. அந்தப் பக்கத்தில் தன் முகத்தை வைக்க எந்த அதிகாரியும் ஆசைப்பட்டிருக்கவில்லை. ஆகவே ஒரே ஒரு இணைப்பு அதற்குப் போதுமானதாக இருந்தது.

விபத்து எண் கேட்டது. விபத்து நடக்கவில்லை, ஆகவே எண் இல்லை. எண் இல்லையென்றால் இன்னொரு வழிதான் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தாள். சீட்டு வந்தது.

"என்ன போட்டிருக்கு தாயி?"

"இயற்கை மரணம்னு போட்டிருக்குக்கா."

"அப்பிடின்னா?"

"தானா..." யோகேஸ்வரி சீட்டை அவளிடம் நீட்டினாள்.

"தானாத்தான்" என்றாள் மாடத்தி. "மருந்தும் தானா வெடிச்சிச்சு. இவரும் தானா வெந்தாரு. நீங்களும் தானாத்தான் இங்கன உக்காந்திருக்கீக." சீட்டை மடித்து, பொங்கல் முடிந்திருந்த அதே முந்தானையில் முடிந்தாள். போகும்போது பிராக்ஸி அறை வாசலில் அவள் கை பழக்கத்தில் செம்புத் தகட்டைத் தொட்டது. அவளுக்கே தெரிந்திருக்காது.

அடுத்த வாரம் விருது வந்தது. ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது. கையெழுத்தின் மை காய்வதற்குள் லட்சுமிகாந்தம் கண்ணை மூடிக்கொண்டு, "உங்க பொறுமையை நான் கவனிச்சேன்மா" என்றார்.

மறுநாள் காலை யோகேஸ்வரி, விருதுக்குப் பிறகு எல்லா அறைகளுக்கும் வந்த விதிப்படி, செருப்பைக் கழற்றி, ஹேர்பின்னைக் கழற்றி, தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். காற்று குளிர்ந்து, நெடியில்லாமல் இருந்தது. முதல் பக்கம் திறந்தது. படம் வந்தது, மாலை வந்தது. கேள்வி வந்தது: 'தங்கள் அறிவுக்கு எட்டியவரை விபத்து ஏதும் நடந்ததா?' அதன் கீழே 'இல்லை' என்ற பொத்தான் பச்சையாக வந்து நின்றது.

'ஆம்' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் இருந்தது.

அவள் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தினாள். வருகைப் பதிவு விழுந்தது. எண் ஒன்று ஏறியது. எல்லாத் திரைகளிலும், சத்தமில்லாமல், வாணங்கள் வெடித்தன.